இல்லை என்று இழுத்த கோடு

என் அத்தானுக்கு யாரையாவது இடிக்கச் சொன்னாலும் இடிக்கத் தெரியாது என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். ஆளே இல்லாத சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, பச்சை வரும்வரை நிற்கிற மனிதர். ஒருநாள் அப்படி நின்றவரைப் பார்த்து, "யாருக்கு வழி விடறீங்க அத்தான், காத்துக்கா?" என்று கேட்டேன். "அதுவும் போகட்டுமே மச்சான்" என்றார். அவரைக் கேலி செய்வது அவ்வளவு சுலபம். கேலி செய்தவனையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பார்.

அவருக்குப் பெட்டி சுமக்கிற வேலை. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தத்தைக் குழாய்களில் மூடி, பெயர் ஒட்டி, ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் அடுக்கித் தருவார்கள். அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். பதினெட்டு வருடம். ரத்தம் ரொம்பக் குலுங்கினால் கெட்டுப்போகுமாம், மறுபடி ஊசி குத்த வேண்டுமாம். அதனால் அத்தான் பள்ளத்தைப் பார்த்து வளைவார், மேட்டைப் பார்த்து மெதுவாவார். ஒவ்வொரு தெருவிலும் எந்தச் சாக்கடை மூடி எவ்வளவு தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஸ்கூட்டர் வாங்குங்களேன் என்று அக்கா நச்சரித்தபோது, "அதுல யாரையாவது இடிச்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாத்தியா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அவர் கையிலிருந்து ஒரே ஒருமுறை ஒரு குழாய் உடைந்திருக்கிறது. பிறந்து ஒன்பது நாளான குழந்தையின் ரத்தம். திரும்ப எடுத்தபோது அறைக்கு வெளியே நின்று அந்த அழுகையைக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். அதிலிருந்து அவருடைய இடது கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சைக்கிள் கொஞ்சம் ஆடினாலும் அந்தக் கை தானாகப் பின்னால் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வீடு, கடை, உயிர் எதுவானாலும் பாலிசி போட்டுத் தருவேன். எங்கள் தொழிலில் ஒரு கைப்பழக்கம் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் கேள்விகள் வரிசையாக இருக்கும். வீட்டில் பட்டாசு வைத்திருக்கிறீர்களா, கூரை ஓலையா, முன்பு எந்தக் கம்பெனியாவது மறுத்திருக்கிறதா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருப்பார்கள். எவன் உட்கார்ந்து படிப்பான்? முதல் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அங்கிருந்து கடைசிக் கட்டம்வரை ஒரே கோடாக இழுத்துவிடுவோம். எல்லாவற்றுக்கும் இல்லை. கீழே கையெழுத்து. பேனாவை மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும். இப்படித்தான் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன். அக்கா வீட்டுக்கும் தீ, திருட்டு, தண்ணீர் என்று ஒரு பாலிசி நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பாலிசியில் கையெழுத்து வாங்கப் போன அன்றைக்குத்தான் அத்தான் கேட்டார். ஏழு வருடம் இருக்கும். வீட்டில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர்.

"மச்சான், சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா?"

நான் விடுவேனா? "எதுக்கு அத்தான், செயின் கழண்டா மாட்டறதுக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கில்ல. நான் யாரையாவது இடிச்சுட்டா அவங்களுக்கு."

"நீங்க இடிச்சா அவங்க சேலையைத் தட்டிக்கிட்டு, 'பாத்துப் போங்க தம்பி, உங்களுக்கு அடி படலையே?'ன்னு கேட்டுட்டுப் போவாங்க."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அன்றிலிருந்து குடும்பத்தில் அவருக்கு 'இன்சூரன்ஸ் அத்தான்' என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும், "வண்டிக்குப் பாலிசி எடுத்தாச்சா?" என்று பிள்ளைகள்கூடக் கேட்கும். அவரும் சிரிப்பார். என் வாய் இருக்கிறதே, அதைத் தைக்க வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு அது நடந்தது. மழை இல்லை, கூட்டம் இல்லை. நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு அம்மா சாலையில் இறங்கினார். அத்தான் மணி அடித்தார். அந்த அம்மா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அந்த நொடியில் அத்தானின் இடது கை பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பழக்கப்படி பின்னால் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

கைப்பிடி இடித்து அந்த அம்மா விழுந்தார். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பெட்டிக்குள் முப்பத்தொரு குழாய். ஒன்றுகூட உடையவில்லை.

அத்தான் ஓடிப்போகவில்லை. அந்த அம்மாவை வண்டி பிடித்து ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பதிவு செய்கிற இடத்தில் இருந்த பெண் நிமிராமல் கேட்டிருக்கிறாள், "என்னாச்சு?"

"விழுந்துட்டாங்க" என்று அத்தான் சொன்னார்.

பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அந்த அம்மா முனகுகிறார், எதிரில் ஒருத்தி கேட்கிறாள். நாம் எல்லோரும் சொல்வதுபோலத்தான் சொன்னார். பால் கொட்டிடுச்சு என்கிறோம், தட்டு உடஞ்சிடுச்சு என்கிறோம். நான் கொட்டினேன், நான் உடைத்தேன் என்று யார் வாயிலிருந்து முதலில் வருகிறது? அந்தப் பெண் 'தவறி விழுந்தார்' என்று எழுதி முத்திரை குத்தினாள். தவறு யாருடையது என்று அந்த வார்த்தையில் இல்லை.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் மட்டும் தைப்பவர். கணவர் இறந்து பல வருடம், மகள் தூரத்தில். முப்பது வருடமாக இந்த ஊர் ஆண்கள் கழுத்தில் இருப்பது பாதி தன் கைவேலை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்கள் அவரைக் காலர் அம்மா என்றே கூப்பிடத் தொடங்கினோம். எலும்பு கூடியது. ஆனால் கட்டவிழ்த்தபோது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்கவில்லை. காலரின் முனையைத் திருப்பிக் கூராக இழுப்பது அந்த இரண்டு விரல்தான். மறுபடி ஒரு ஆபரேஷன் செய்தால் சரியாகும், ஆனால் மூன்று மாதத்துக்குள் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். இலவச ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷனுக்கு வரிசை எட்டு மாதம். தனியாரில் செய்ய அத்தானால் முடியாது. என்னாலும் முடியாது. எங்கள் இருவர் வீட்டுப் பாத்திரத்தையும் சேர்த்து விற்றாலும் முடியாது.

"பயப்படாதீங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றேன். காலர் அம்மாவின் கம்பெனி எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஒரு விபத்துப் பாலிசி எடுத்திருந்தது. எங்களுடையது இல்லை, வேறு இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி. முதல் பக்கத்தில் 'சாலை விபத்து' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. படிக்கிற வழக்கம்தான் இல்லையே.

பணம் கேட்டு எழுதியதற்கு முதல் பதில் பத்து நாளில் வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி அவர் தவறி விழுந்திருக்கிறார், இது சாலை விபத்து அல்ல.

அத்தான் அன்றைக்கே பதிவேட்டுக்காரப் பெண்ணிடம் ஓடினார். "அம்மா, அவங்க தவறி விழல. நான்தான் இடிச்சேன். மாத்தி எழுதுங்க." அவள், "எழுதினதை நான் எப்படி சார் மாத்துறது? போலீஸ்ல பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்றாள். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். எழுத்தர் பேனாவைத் திறந்து, "மோதின வண்டி நம்பர் சொல்லுங்க" என்றார்.

"சைக்கிள் சார். நம்பர் கிடையாது."

"நம்பர் இல்லாத வண்டிக்கு நான் என்னத்த எழுத? சரி, ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"அடிபட்டவங்க புகார் கொடுக்கலையே?"

"நான் கொடுக்கறேன் சார்."

"யார் மேல?"

"என் மேல."

எழுத்தர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இவரு வழக்கமாவே இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தன்மேல் வழக்குப் போடச் சொல்லி ஒரு மனிதன் கெஞ்சுகிறான், போட ஆளில்லை. பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாம் தங்கள்மேல் போட்டதை எடுக்கச் சொல்லி வந்தவர்கள்.

அத்தான் விடவில்லை. ரத்தப் பெட்டியைக் கூடத்தில் சேர்த்துவிட்டு, தினமும் மதியம் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார். மூன்று வாரம். கடைசியில் தொல்லை தாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள்: 'சைக்கிள் மோதியதில் கீழே விழுந்தார்.' அந்தத் தாளைப் பாஸாகிவிட்ட பிள்ளையின் மார்க் ஷீட் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்தார். ஆபீஸில் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அதை அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் பதில். இந்தப் பாலிசியில் வாகனம் என்றால் இயந்திரத்தால் ஓடுவது என்று பொருள், சைக்கிள் வாகனம் ஆகாது, வருந்துகிறோம். இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி. படித்துவிட்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஆத்திரத்தில் வாய் நிற்கவில்லை. "அன்னைக்கே ஒரு ஸ்கூட்டர் இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். இப்ப நீங்களே சைக்கிள்னு எழுதி, முத்திரை குத்தி வாங்கிட்டு வந்துட்டீங்க. இனிமே யார் என்ன சொன்னாலும் கம்பெனிக்காரன் நம்பமாட்டான்."

நான் சொன்ன இந்தப் பொய் யோசனையைக் கேட்டு அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர் இல்லையா?

"அன்னைக்கு நீ சொல்லியிருந்தா நானும் அப்படியே சொல்லியிருப்பேன் மச்சான்" என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து இதை வரவைத்துவிட்டோமே என்று இருந்தது.

மூன்று மாதத்தில் இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டுமா என்று நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

"சைக்கிளுக்குமா? அடுத்தது செருப்புக்குக் கேப்பாங்க" என்றாள் அக்கா. "கையில நாலு காசு இருந்தா அவன் ஏன் சைக்கிள் ஓட்டறான்? இன்சூரன்ஸ் கட்டச் சொன்னா சைக்கிளை வித்துட்டு நடக்கத்தான் செய்வான்."

நானும் அதே கட்சிதான். சைக்கிளில் போய் யார் யாரைக் கொன்றுவிட்டார்கள்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பேப்பர் போடுகிறவர், எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பாலிசி கேட்டால் ஊர் உருப்படுமா என்று ஏஜெண்டாக இருந்தும் பேசினேன்.

அத்தான் டி.வி.யை அணைத்தார். அவர் நடுவில் அணைத்து நான் பார்த்ததில்லை.

"சைக்கிள் ஓட்டறவன் இல்லாதவன்தான், சரி. ஆனா அவன் இடிக்கறது யாரை? கார்ல போறவனையா? ரோட்டுல நடந்து போறவங்களைத்தானே. அவங்களும் இல்லாதவங்கதான். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்." என் பக்கம் திரும்பினார். "சட்டம் வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல. ஆனா அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனே மச்சான். அப்படி ஒண்ணு நிஜமாவே இல்லையா?"

"இல்ல அத்தான். அப்படி எதுவும் கிடையாது" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரிந்தவரை கிடையாதுதான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் ஆபீஸில் மேனேஜரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே, "வீட்டுப் பாலிசியிலேயே சேத்துக்கலாமே. வீட்டுல இருக்கறவங்க சைக்கிள்ல போய் யாரையாவது இடிச்சா, அந்த ஆஸ்பத்திரிச் செலவை நாம குடுப்போம். பத்து வருஷமா இருக்கு. யாரும் கேக்கறதில்ல, நாமும் சொல்றதில்ல. நமக்கு அதுல என்ன பெருசா கிடைக்கப்போகுது?" என்றார்.

அக்கா வீட்டுக் கோப்பை எடுத்தேன். கேள்விகள் வரிசையாக இருந்தன. பதினான்காவது கேள்வி: 'வீட்டில் எவரேனும் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறார்களா? அதனால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் பாதுகாப்பு வேண்டுமா?' அதற்கு எதிரே என் கோடு. முதல் கட்டத்தில் 'இல்லை' என்று என் கையால் எழுதி, பதினான்கைத் தாண்டி, இருபத்திரண்டுவரை, நடுங்காமல் வளையாமல் நேராக இறங்கியிருந்தது. கீழே அத்தானின் கையெழுத்து. தேதியும் அதே தேதிதான். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று அவர் கேட்டு, நாங்கள் எல்லோரும் சிரித்த நாள்.

இப்போது சேர்க்க முடியுமா என்று மேனேஜரைக் கேட்டேன். "இடிச்சதுக்கப்புறமா?" என்றார். அந்தக் கேள்வியை நானே எத்தனை பேரிடம் கேட்டு அனுப்பியிருக்கிறேன்!

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் அப்படியே இருந்தும் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்ன மூன்று மாதம் அதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இல்லை. "வேற எங்க, காலர் அம்மா வீட்டுலதான்" என்றாள் அக்கா. அவளுக்கும் கேலி செய்கிற தெம்பு போய்விட்டிருந்தது.

காலர் அம்மாவுக்கு ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின். கம்பெனி அவருடைய நாற்காலியை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டது. பழகின தோஷத்துக்கு வீட்டிலேயே செய்யச் சொல்லிக் கொஞ்சம் காலர் அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா மடங்காத கையால் துணியைத் தள்ளித் தள்ளித் தைத்துக் கொடுக்க, அத்தான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு காலராகத் திருப்பி, ஒரு மூங்கில் குச்சியால் முனையைக் குத்திக் கூராக்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் பெட்டி பிடித்த கை. முனை ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. பக்கத்தில் ஒரு பை நிறையக் கம்பெனி திருப்பி அனுப்பிய காலர்கள்.

"வா மச்சான். இதைப் பாரு, இன்னைக்கு இது கொஞ்சம் நல்லா வந்திருக்கு" என்று ஒன்றை நீட்டினார். அது ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

நான் தாளைக் கொடுத்தேன். பதினான்காவது கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மை போட்டிருந்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கேள்வியைப் படித்தார். தேதியைப் பார்த்தார். அப்புறம் விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து, மேலே 'இல்லை' என்று இருந்த இடத்திலிருந்து கீழே தன் கையெழுத்துவரை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார்.

"அத்தான், நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மெஷின் நின்றது. "என்ன தம்பி, ஏதாவது பதில் வந்துச்சா?" என்று காலர் அம்மா கேட்டார். அந்தக் குரலில் இன்னமும் ஒரு ஆசை இருந்தது.

அத்தான் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணுமில்லம்மா. இல்லைன்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த காலரைக் கையில் எடுத்தார்.